கையை அசைக்காமல்

கழக்கூட்டம்,
15 ஜூன் 2025

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

பெருநாளுக்கு நீங்கள் தக்கலை வீட்டுக்கு வரவில்லை. உங்கள் பங்கு இறைச்சியை உம்மா ஃப்ரீசரில் வைத்திருக்கிறாள். மேலப்பாளையத்தில் காக்காவுக்கு யார் ஆக்கிப் போடுகிறார்கள் என்று என்னிடம் கேட்கிறாள். எனக்குத் தெரிந்த மாதிரி. அரபிக் கல்லூரி ஆசிரியருக்கு அவ்வளவு வேலையா? உங்கள் கல்லூரியின் குர்ஆன் மொழிபெயர்ப்பு இன்னும் முடியவில்லையா?

வாட்ஸ்அப்பில் எழுதினால் 'சரி' என்று முடித்துவிடுவீர்கள். அதனால்தான் தபால். காது கேளாதோர் விடுதியில் நான் இருந்தபோது நீங்கள் எழுதிய கடிதங்களில்தான் எனக்குத் தமிழ் வந்தது. பழக்கத்தை விட்டுவிட வேண்டாம்.

ஒரு செய்தி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரியசாலையில் வகுப்பு எடுக்கிறேன். பிச்சைக்கனி ஹாஜியாரின் மிளகாய் வற்றல் மண்டிக்கு மேலே ஒரு அறை. காது கேளாத முஸ்லிம்கள் வருகிறார்கள், ஆணும் பெண்ணும். நான் குர்ஆனின் தமிழாக்கத்தைப் படித்துச் சைகை மொழியில் சொல்கிறேன். வற்றல் நெடியில் எல்லோரும் தும்முகிறோம். நாங்கள் தும்மினால் தெருவே திரும்பிப் பார்க்கிறது என்று ஹாஜியார் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். எங்களுக்கு எப்படித் தெரியும்.

வகுப்புக்கு வரும் அசனார் இக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழவங்காடியில் தையல் கடை. ஐம்பது வயது இருக்கும். சிறு வயதிலிருந்து பள்ளிவாசலுக்குப் போகிறார். முன்வரிசை குனிந்தால் குனிவார், நிமிர்ந்தால் நிமிர்வார். பக்கத்தில் நிற்பவர்களின் உதடு அசைவதைப் பார்த்து அவரும் அசைப்பார். என்ன சொல்கிறார்கள் என்று யாரும் சொன்னதில்லை.

போன வாரம் படித்தது, இறைவனின் கை கட்டப்பட்டிருக்கிறது என்று அந்தக் காலத்தில் சிலர் சொன்னதற்குப் பதில் சொல்லும் வசனம். இல்லை, அவனுடைய இரு கைகளும் விரிந்தே இருக்கின்றன. நான் என் இரு கைகளையும் விரித்துக் காட்டினேன். வேறு எப்படிக் காட்டுவது.

அசனார் இக்கா எழுந்து நின்றுவிட்டார். "அப்போ அவன் நம்மளை மாதிரி கையால பேசுவானா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். உங்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கேட்டுவிட்டேன்.

உங்கள் அன்புத் தங்கை,
ஷிஜா


மேலப்பாளையம்,
24 ஜூன் 2025

அன்புத் தங்கச்சி ஷிஜாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நலம். ஆக்கிப் போட ஆள் இருக்கிறது, கல்லூரிச் சமையல்காரர். உப்பு மட்டும் அவர் நினைப்புப்படி. உம்மாவிடம் உப்பைப் பற்றிச் சொல்லாதே.

உன் கடிதம் வருவதற்கு முன்பே உன் வீடியோ வந்துவிட்டது. உன்னிடமிருந்து அல்ல. எங்கள் முதல்வரின் போனில்.

வகுப்பில் யாரோ எடுத்திருக்கிறார்கள். கை கையாகப் போயிருக்கிறது. 'இறைவனுக்கு உருவம் கொடுக்கிறாள்' என்று கீழே எழுதியிருக்கிறார்கள். ஆரியசாலைப் பள்ளிவாசல் கமிட்டி எங்கள் கல்லூரியிடம் எழுத்தில் கருத்துக் கேட்டிருக்கிறது. இறைவனின் பண்புகளை உடலால் காட்டலாமா, கூடாதா. கூடாது என்றால் அறையைப் பூட்டிவிடுவார்கள். மொழிபெயர்ப்பில் அந்தப் பகுதியை நான் பார்ப்பதால் முதல்வர் அதை என்னிடம் தந்தார். அது என் தங்கை என்றேன். "நல்லதாப் போச்சு, சீக்கிரம் திருத்திரலாம்" என்றார்.

ஷிஜா, உனக்கு இதைச் சுருக்கமாகச் சொல்லிப் பார்க்கிறேன். இறைவனுக்குக் கை, முகம், கண் என்று வரும் இடங்களில் மூன்று வழிகள் இருக்கின்றன. கை என்றால் கை என்றே விட்டுவிடு, எப்படி என்று கேட்காதே என்பது ஒன்று. கை என்பதற்கு வல்லமை, கொடை என்று பொருள் சொல் என்பது இன்னொன்று. இக்காலத்து உரையாசிரியர்கள் பலர், அது அரபுப் பேச்சு வழக்கு, 'தாராளக் கை' என்று நாம் சொல்வதில்லையா, அங்கே போய்க் கையைத் தேடாதே என்கிறார்கள்.

எங்கள் மொழிபெயர்ப்பில் நான் 'வல்லமை' என்று போட்டிருக்கிறேன். இன்று வாசிப்பவன் திரையில் எல்லாவற்றையும் பார்த்துப் பழகியவன். 'கை' என்று படித்ததும் வானத்தில் ஒரு பெரிய கையைப் பார்த்துவிடுவான். அவனைப் போல் எதுவும் இல்லை என்பது நம் முதல் பாடம். அதைக் காப்பாற்றத்தான் இவ்வளவும்.

இன்னொன்று. இந்த வசனங்களை ஓதும்போது கையை அசைக்கக் கூடாது என்று பழைய ஆசிரியர்கள் சிலர் சொல்லியிருக்கிறார்கள். அசைத்தால் கையை வெட்ட வேண்டும் என்றுகூட ஒரு கூற்று. பயப்படாதே, கடுமையைக் காட்டச் சொன்னது. ஆனால் எங்கள் வகுப்பில் இன்றும் அந்த இடம் வந்தால் எல்லோரும் கைகளைத் தொடையின்கீழ் வைத்துக்கொள்வோம். எனக்கு ஓதித் தந்த உஸ்தாத் அப்படித்தான் உட்கார்ந்தார். நானும்.

அடுத்த வகுப்பில் 'கை' வேண்டாம். 'வல்லமை' என்று காட்டு. அது நன்றாக அமைந்தால் நான் சாதகமாக எழுதிவிடுவேன். அறையும் இருக்கும்.

அசனாருக்கு என் ஸலாம் சொல்.

உன் காக்கா,
காசிம்


கழக்கூட்டம்,
6 ஜூலை 2025

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் சொன்னபடி செய்தேன். விளைவைச் சொல்கிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

எங்கள் மொழியில் வல்லமைக்கு இருப்பது ஒரே சைகைதான். இரண்டு கை முஷ்டிகளையும் மடக்கி, முழங்கையை வளைத்து, தோளை உயர்த்திக் காட்ட வேண்டும். வசனத்தைச் சொல்லி, கை வரும் இடத்தில் அதைக் காட்டினேன். அறை முழுக்க ஒரு பயில்வானைப் பார்த்தது. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அசனார் இக்கா சட்டைக் கையைச் சுருட்டித் தன் புஜத்தைத் தொட்டு, "இப்படியா?" என்று கேட்டார்.

விரித்த கை வெறும் கைதான். உங்கள் சொல் அதற்குத் தசை வைத்துவிட்டது.

மறுநாள் ஆபீஸ் கேண்டீனில் தாணுலிங்கத்திடம் சொன்னேன். நாகர்கோவில்காரன், எங்கள் சாஃப்ட்வேர் டெஸ்டிங் டீமில் இருக்கும் இன்னொரு காது கேளாதவன். தோசையை வைத்துவிட்டுச் சிரித்தான். "உங்க ஆளு எந்த ஜிம்முக்குப் போறாரு?"

கோபப்பட்டேன். அவன் சமாதானத்துக்கு வந்தான். எங்கள் மொழியில் பிள்ளையாருக்குச் சைகை தும்பிக்கை. முழங்கையை மூக்கிலிருந்து தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். "நான் தினமும் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வழியாத்தான் பஸ்ல வாறேன். தினமும் அவரைக் கூப்பிடுறேன். அதுக்காக என் முழங்கைய யாராவது கும்பிட்டாங்களா?"

அவனுக்கு அது விளையாட்டு. எனக்கு அது மனதை விட்டுப் போகவில்லை.

காக்கா, இறைவன் பேசினான் என்று நீங்கள் ஓதுகிறீர்கள். உங்கள் நாக்கால், பல்லால், எச்சிலால். கேட்பவர் யாரும் இறைவனுக்கு நாக்கு இருக்கிறதா என்று கேட்பதில்லை. உங்கள் நாக்கை வெட்ட வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. உங்கள் வாய் சொல்லாகி மறைந்துவிடுகிறது. என் கை மட்டும் ஏன் உடனே சதையாகிவிடுகிறது?

எனக்குக் கை உறுப்பு அல்ல. கைதான் சொல்.

இன்னொன்றும் தோன்றுகிறது. தப்பாக இருந்தால் திருத்துங்கள். அவன் கேட்கிறவன் என்று நீங்கள் ஓதும்போது, எவ்வளவு கவனமாக இருந்தாலும் உங்களுக்குக் கொஞ்சம் காது நினைவுக்கு வரும். எனக்கு எதுவும் வருவதில்லை. கேட்பது என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. அவனைப் போல் எதுவும் இல்லை என்பதை அந்த ஒரு சொல்லில் உங்களைவிட நான் சுத்தமாக வைத்திருக்கிறேனோ என்னவோ.

தொடையின்கீழ் கை. படித்ததும் சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை. விடுதியில் முதல் வகுப்பில் எங்களையும் அப்படித்தான் உட்கார வைத்தார்கள். கை ஓய்ந்தால் வாய் திறக்கும் என்று. என் வாய் திறக்கவில்லை. கை மரத்துப்போனது.

அடுத்த ஞாயிறு பழையபடி விரித்துக் காட்டப்போகிறேன்.

மழை விடவில்லை. ஹைவேயில் பாலத்தின் அடியில் தண்ணீர் நிற்கிறது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஆபீஸ் போகிறேன்.

உங்கள்,
ஷிஜா


மேலப்பாளையம்,
19 ஜூலை 2025

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம்.



உன் கேள்வியை என் கேள்வி போல முதல்வரிடம் கேட்டேன். நாவால் சொல்வது ஏன் உருவம் ஆவதில்லை, கையால் சொல்வது ஏன் ஆகிறது. "பேச்சு வேற, சைகை வேற" என்றார். ஏன் என்று கேட்டேன். தேநீர் வந்தது. குடித்தோம்.

வாய் பேச முடியாதவரின் சைகை பேச்சாகவே கொள்ளப்படும் என்று சட்ட நூல்களில் இருக்கிறது. அவர் சைகையால் நிக்காஹ் செய்யலாம், தலாக் சொல்லலாம், விற்கலாம். இதை நான் பாடமாக நடத்துகிறேன். திருமணத்துக்கும் கடைக்கும் பேச்சாக இருக்கும் கை, வசனத்துக்கு மட்டும் பேச்சு இல்லையா. இதுவும் உன் கேள்விக்குப் பிறகு எனக்குத் தோன்றியதுதான்.

ஆனால் என் நிலைமையையும் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பு அச்சுக்குப் போகிறது. இப்போது நான் உனக்குச் சாதகமாக எழுதினால், 'கை கையே' என்று சொல்லும் கூட்டத்தோடு காசிம் போய்விட்டான் என்பார்கள். இங்கே அது சிறிய விஷயமில்லை. ஒரே மேஜையில் சோறு தின்கிறவர்கள் வேறு மேஜைக்குப் போவார்கள். அட்டையில் என் பெயர் வரும் புத்தகம் இது ஒன்றுதான். வாப்பா இருந்திருந்தால் பார்த்திருப்பார்.

கொஞ்ச காலம் வகுப்பை நிறுத்து. அச்சு முடியட்டும். பிறகு எழுதுகிறேன், நிச்சயம். கமிட்டியிடமும் பொறுக்கச் சொல்கிறேன்.

நான் கேட்பது அதிகம் என்று தெரியும். நீ என் தங்கை என்பதால் கேட்கிறேன்.

உம்மாவுக்கு மூட்டு வலித் தைலம் அனுப்பியிருக்கிறேன். வந்ததா என்று கேட்டு எழுது.

உன் காக்கா,
காசிம்


கழக்கூட்டம்,
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள காக்காவுக்கு,

ஸலாம்.

தைலம் வந்தது. உம்மா அதைக் கழுத்துக்குப் போடுகிறாள். சொன்னால் கேட்பதில்லை.

வகுப்பை நிறுத்திவிட்டேன். சாவியை நானே ஹாஜியாரிடம் கொடுத்தேன். அவர் சங்கடப்பட்டார். 'நான் என்ன செய்ய மோளே, கமிட்டி சொல்லுது' என்று எழுதிக் காட்டினார். ஒரு பொட்டலம் வற்றலும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

எல்லோருக்கும் வீடியோவில் சொன்னேன். சரி என்றார்கள். எங்களுக்குச் சரி என்று சொல்லிப் பழக்கம்.

அசனார் இக்கா மட்டும் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார். திரையில் அவர் முகம் பாதி, கை பாதி. வரிசையில் நின்றாராம். எல்லோரும் உதட்டை அசைத்தார்களாம். அவர் அசைக்கவில்லையாம். "இத்தனை நாளும் சும்மா அசைச்சுட்டிருந்தேன். இப்போ தெரிஞ்சுபோச்சு. இனி எப்படி அசைப்பேன்?" என்றார். பிறகு, "என் கையும் அவனுக்கு ஆகாதுன்னா நான் எதைக் கொண்டு நிக்கட்டும்?"

இந்த முறை உங்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை.

சிறு வயதில் நீங்கள்தான் என் வாய். டாக்டரிடம், கடையில், பஸ்ஸில். பெண் பார்க்க வந்தவர்களிடம் அவளுக்குச் சம்மதமில்லை என்று சொன்னது நீங்கள்தான். நான் உம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று உங்களைப் பார்த்தேன், அவ்வளவுதான். நீங்கள் சரியாகச் சொன்னீர்கள். எப்போதும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

இந்த ஒன்றில் எனக்காகப் பேச வேண்டாம், காக்கா. சாதகமாகவும் வேண்டாம். அச்சு முடிந்த பிறகும் வேண்டாம். நீங்கள் பார்த்து, பொறுத்து, நேரம் பார்த்துத் தரும் அனுமதியை அசனார் இக்காவிடம் எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அதை எங்கள் மொழியில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் பயந்ததை நான் குறை சொல்லவில்லை. உங்கள் இடத்தில் எனக்கும் பயம் வந்திருக்கும். புத்தகம் நன்றாக வரட்டும். துஆ செய்கிறேன்.

கொஞ்ச காலம் எழுத வேண்டாம். கோபமில்லை. உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது போல இருக்கும். இப்போது அப்படி ஆகக் கூடாது.

உங்கள்,
ஷிஜா


மேலப்பாளையம்,
28 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஷிஜாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

எழுத வேண்டாம் என்றாய். மூன்று வாரம் இருந்து பார்த்தேன். முடியவில்லை. படிக்காமல் வைத்துவிட்டாலும் சரி.

நபிமொழிப் பாடத்தில் ஒரு இடம் உண்டு. 'அவன் கேட்பவன், பார்ப்பவன்' என்று முடியும் ஒரு வசனத்தை நபி (ஸல்) அவர்கள் ஓதியபோது, கட்டைவிரலைத் தம் காதின்மேலும் அடுத்த விரலைத் தம் கண்ணின்மேலும் வைத்தார்கள். பக்கத்திலிருந்த தோழர் தாம் கண்டதாக அதை அறிவிக்கிறார். இறைவனுக்கு நம்மைப் போல் காது என்று காட்ட அல்ல. அவன் கேட்பது வெறும் பேச்சுக்குச் சொன்னதல்ல, மெய்யாகவே கேட்கிறான் என்று காட்ட. அறிஞர்கள் அப்படித்தான் விளக்கினார்கள்.

இதை நான் வருடா வருடம் நடத்துகிறேன். கையைத் தொடையின்கீழ் வைத்துக்கொண்டு. 'விரலை வைத்தார்கள்' என்று வாயால் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். என் உஸ்தாதும் அப்படித்தான் போனார்.

போன வாரம் அந்த இடம் வந்தது. வாயால் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. கையை வெளியே எடுத்தேன். காதிலும் கண்ணிலும் வைத்துக் காட்டினேன். வகுப்பு அசையாமல் பார்த்தது. பின்வரிசையில் ஒருவன் செய்தான். பிறகு எல்லோரும். யாரும் வானத்தில் எதையும் பார்த்த மாதிரி தெரியவில்லை.

அன்று மாலையே எழுதினேன். உனக்காக அல்ல. நீ வேண்டாம் என்றாய், அதை மதிக்கிறேன். கமிட்டி என்னைக் கேட்ட கேள்விக்கு என் பதில், அவ்வளவுதான். காது கேளாதவருக்குக் கையே நாவு. நாவுக்கு எது ஆகுமோ கைக்கும் அது ஆகும். நாவைப் பற்றி எவ்வளவு எச்சரிக்கையோ கையைப் பற்றியும் அவ்வளவே. ஒரு பக்கம்கூட வரவில்லை.

முதல்வர் படித்தார். தவறு என்று சொல்லவில்லை. "இது கல்லூரித் தாள்ல போகாது காசிம்" என்றார். வெள்ளைத் தாளில் என் பெயரையும் ஊரையும் எழுதி அனுப்பினேன். புத்தக அட்டையிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். வசனத்தில் 'வல்லமை' அப்படியே இருக்கிறது. சாப்பாட்டு மேஜையில் இப்போது எனக்கு நிறைய இடம்.

நேற்று பிச்சைக்கனி ஹாஜியார் போன் செய்தார். கமிட்டி இன்னும் கூடவில்லையாம். ஆனால் கமிட்டிக்குப் போன தாளை அவர் வாங்கி முழுசாகப் படித்துவிட்டார்.

"மௌலவி, எனக்கு இதுல பாதி விளங்கல, கேட்டோ. சீலும் இல்ல. ஆனா பேரு போட்டிருக்கீங்க, அல்லே?"

ஆமாம் என்றேன்.

"அப்போ மறுமையில என்னைக் கேட்டா உங்க பேரைத்தான் சொல்லுவேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுருவேன்."

சொல்லுங்கள் என்றேன்.

"அது போதும். ரூம் என்னோடது, கமிட்டியோடது இல்ல. தங்கச்சிகிட்ட சாவியை வாங்கிக்கச் சொல்லுங்க. தும்முனா மட்டும் கொஞ்சம் மெதுவா."

தும்மலைப் பற்றி நீயே அவரிடம் பேசிக்கொள்.

ஷிஜா, நாம் சிறு வயதில் பேசியது ஒரு பத்திருபது சைகை. பசி, பூனை, உம்மா வருகிறாள். அதை வைத்துக்கொண்டு உன் மொழி எனக்குத் தெரியும் என்று இருந்துவிட்டேன். வீடியோவை இப்போது மறுபடி பார்த்தேன். விரித்த கைகளைத் தவிர எனக்கு எதுவும் புரியவில்லை. அதற்கு முன்னும் பின்னும் நீ நிறையப் பேசுகிறாய். எல்லோரும் ஒரு இடத்தில் சிரிக்கிறார்கள். எதற்கு என்று தெரியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வரும் ஞாயிறு காலை வண்டியில் வருகிறேன். நீ வேண்டாம் என்றால் ஸ்டேஷனிலிருந்தே திரும்பிவிடுகிறேன், வருத்தமில்லை. வேண்டாம் என்று சொல்லவில்லையென்றால் கடைசி வரிசையில் ஒரு இடம் கொடு. மௌலவி என்று சொல்ல வேண்டாம். உன் காக்கா என்றும் சொல்ல வேண்டாம். யாராவது கேட்டால், இவருக்குப் பேச வராது, கற்றுக்கொள்ள வந்திருக்கிறார் என்று சொல்.

அன்புடன்,
காசிம்